குக்கர் மணலும் காளமேகமும்: போலகத்துச் சாக்லேட் எலுமிச்சைக் கேக் குறித்து ஒரு மீளாய்வு

காரைக்கால் பக்கத்துப் போலகத்தில் வீட்டுக் குக்கரில் சுடப்படும் சாக்லேட் எலுமிச்சைக் கேக்கைப் பற்றி இதுவரை முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. இந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் எந்த ஆய்வேட்டையும் தொடங்கிவிடலாம். வெளிவராததற்குக் காரணம் அது யாருக்கும் தேவைப்படவில்லை என்பதாகவும் இருக்கலாம்; ஆனால் அதை ஏட்டில் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை.

கருதுகோள்: இந்தக் கேக் பிரெஞ்சுக்காரர் தந்ததன்று; பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இவ்வட்டாரத்தில் வேர்விட்டது. ஆய்வின் எல்லை: வடக்கே திருமலைராயன்பட்டினம், தெற்கே வாஞ்சூர், கிழக்கே கடல், மேற்கே அத்தை வீட்டு அடுப்படி. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. எல்லை தாண்டிய ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்படவில்லை. முதன்மைச் சான்று: அத்தை (வாய்மொழி). துணைமைச் சான்று: நூலகங்கள்.

முன்னோர் கருத்தை முதலில் மறுத்துவிடுவது மரபு. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1954 நவம்பர் 1-இல் கையைவிட்டுப் போனது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டில் இங்கே சுட்ட கேக் எந்த நாட்டுக் கேக் என்பது சர்வதேசச் சட்டம் படித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். 215 ஆண்டு குடியிருந்தவர்கள் போகும்போது ஒரு கேக்கையாவது விட்டுப் போயிருக்க மாட்டார்களா என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். பொதுமக்கள் நினைக்கிறார்கள் என்பதாலேயே அதை மறுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் தரங்கம்பாடியில் டேனியர் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் 1658 முதல் 1781 வரை. வெண்ணெயும் மாவும் தின்று வளர்ந்த மூன்று நாட்டார் ஒரே கடற்கரையில் கடை விரித்தும், அத்தை வீட்டுக்கு ஓர் அவன் வந்து சேரவில்லை (அத்தை, வாய்மொழி).

இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு சுட்டார் என்பது மலையாளக் கரையில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. தலச்சேரிக்கு அடுத்த ஊர் மாஹே. மாஹேயும் காரைக்காலும் ஒரே யூனியன் பிரதேசம். ஆகவே பங்காளி முறையில் நாமும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். ஆனால் 1883 நம் கருதுகோளுக்குப் போதாது. நமக்கு இன்னும் நானூறு ஆண்டு பழமை வேண்டியிருக்கிறது.

மாவு: மைதா. இதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

எலுமிச்சைக்கு நாரத்தை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு என்று பாடபேதங்கள் உண்டு. எந்தப் பாடத்தைக் கொண்டாலும் மணம் இருப்பது சாற்றில் அன்று, தோலில். மேல்தோலில் உள்ள சிறு எண்ணெய்ப் பைகளில்தான் லிமோனீன் என்னும் வாசனைப் பொருள் அடைபட்டுக் கிடக்கிறது. துருவியின் மிகச் சிறிய கண்ணில் மஞ்சள் தோலை மட்டும் சீவிச் சர்க்கரையோடு விரல்நுனியால் கசக்க வேண்டும். சர்க்கரைப் பரல்கள் அந்தப் பைகளை உடைக்க, எண்ணெய் கசிந்து சர்க்கரை ஈரமணல் பதத்துக்குத் திரளும். அடுப்படி முழுக்க மணம் எழும். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். அடியிலிருக்கும் வெள்ளைத் தோல்வரை சீவினால் கசப்பு ஏறும் (அத்தை, மேலது). சாற்றின் வேலை வேறு. அது புளிப்பு, ஆப்பசோடாவைக் கண்டதும் பொங்கும். அந்தப் பொங்கலில் பிறக்கும் கரியமில வாயுதான் கேக்கைத் தூக்குகிறது. எனவே குக்கரை முன்கூட்டியே காயவைக்காமல், மாவைக் கலந்து வைத்துவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தால், பொங்கியது பாத்திரத்திலேயே அடங்கிவிடும். அதன்பின் அடுப்பில் ஏற்றினால் கிடைப்பது களி (அத்தை, மேலது, பெரியம்மா இதை மறுப்பார், ஆனால் அத்தை இல்லாத இடத்தில் மட்டும்).

வடிவம் பற்றிய சர்ச்சைக்கு வருவோம். கடையில் விற்கும் நீளக் கேக் தகரம் 23-க்கு 13 சென்டிமீட்டர். அதன் மூலைவிட்டம் 26.4. அத்தை வீட்டு ஐந்து லிட்டர் குக்கரின் உள்விட்டம் 22. பித்தாகரஸே நேரில் வந்து அழுத்தினாலும் உள்ளே போகாது. அந்தத் தகரத்தின் அடிப்பரப்பு 299 சதுர சென்டிமீட்டர். அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம் 19.5. ஆகவே எட்டங்குல வட்டப் பாத்திரம் கணக்கின்படி ஏறத்தாழ அதே கேக்கைத்தான் தரும். வட்டத்தில் சுட்டதை நீளக் கேக் என்று சொல்லலாமா? நீளவாக்கில் அறுத்தால் சொல்லலாம் (சின்னத்தை, பெரியத்தையின் கருத்தை மறுத்து, கல்யாண வீட்டுப் பந்தி, மூன்றாம் இலை, பாயசம் வருவதற்கு முன்).

அவன் வைத்திருக்கும் வீடுகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆனால் புள்ளிவிவரம் இல்லாத கட்டுரையை எவரும் மதிப்பதில்லை என்பதால் ஒன்றைத் தருகிறேன். திருமலைராயன்பட்டினப் பகுதியில் இருக்கும் எரிவாயு மின் நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். 1,300 வாட் அவன்களாகக் கணக்கிட்டால் ஒரே நேரத்தில் 25,000 கேக் சுடலாம். இந்த எண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை; அட்டவணையாகப் போட்டால் மட்டும் நன்றாக இருக்கும்.

குக்கரின் மூலவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதை மறைப்பதற்கில்லை. டெனி பபேன் 1679-இல் லண்டனில் ஆவி அடைத்த பாத்திரத்தைச் செய்து காட்டினார். அது வெடிக்காமலிருக்க எடை வைத்த வால்வும் அவர் செய்ததுதான். நம் வீட்டு விசிலின் பாட்டனார் அவர். போலகம் என்ன செய்தது? விசிலைக் கழற்றியது, கேஸ்கட்டைக் கழற்றியது, தண்ணீர் ஊற்ற மறுத்தது. ஆவிக்காகவே பிறந்த ஒரு கருவியிலிருந்து ஆவியை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு மீதியை வைத்துக்கொண்டது. காலனியத்துக்கு எதிரான இவ்வளவு துல்லியமான நடவடிக்கையை நான் வேறெங்கும் கண்டதில்லை. கேஸ்கட்டைக் கழற்ற மறந்த வீடுகளில் ரப்பர் வாசனையோடு ஒரு தனி மரபு உருவானது. அதைப் பற்றி அந்த வீடுகளில் விசாரிக்கக் கூடாது.

இனி மணல். இந்த ஆய்வின் உயிர்நாடி இதுதான். மற்றதெல்லாம் பக்கம் நிரப்ப எழுதியவை.

குக்கரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமணை மாதிரித் தட்டை வைத்து, மூடிப் பத்து நிமிடம் காயவைப்பார்கள். மணல் இல்லாவிட்டால் தீ நாக்கு படும் இடம் மட்டும் கருகும், நடு வேகாது. மணல் சூட்டை வாங்கிப் பரப்பி, மெல்லத் திருப்பித் தருகிறது. வெறும் அலுமினியக் குக்கரைக் காயவைத்தால் அடி நெளிந்துபோகும் அபாயமும் இதனால் குறையும். கல்லுப்புப் போடுவோரும் உண்டு; 800 டிகிரிக்கு மேல்தான் உப்பு உருகும் என்பதால் உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஈரம் கோத்த உப்பு அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போடும். கடல் மணலையும் நல்ல தண்ணீரில் அலசாமல் போட்டால் இதே கதிதான். ஆற்று மணல் உத்தமம். திருமலைராயன் ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் மணல் என்ற சொல்லைக் கேட்டாலே லாரியும் வழக்கும் நினைவுக்கு வரும் காலத்தில், ஒரு டம்ளர் மணலோடு ஆற்றங்கரையில் பிடிபடும் பெரியம்மாவின் நிலையை யோசிக்க வேண்டும்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் காளமேகப் புலவர் வருகிறார். வரலாறு தெரிந்தோர் கொஞ்சம் வெளியே நிற்கவும்.

செவிவழிக் கதை யாவரும் அறிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு. காளமேகம் திருமலைராயன் அவைக்கு வந்தார். எலுமிச்சம்பழம் கொடுத்து அரசனை வாழ்த்தினார். உட்கார இடம் தரவில்லை. அவைத் தலைமைப் புலவர் அதிமதுரகவியோடு வாதம் மூண்டது. எமகண்டம் பாட ஏற்பாடு நடந்தது: குழி வெட்டி, நெருப்பு மூட்டி, அதன்மேல் சங்கிலியில் உறி தொங்கவிட்டு, கழுத்திலும் இடுப்பிலும் கத்தி கட்டி, புலவரை அதில் உட்காரவைத்தார்கள். வென்றார். அப்போதும் மரியாதை கிடைக்கவில்லை. மண்மாரி பொழிந்து ஊர் அழியும்படி சபித்துவிட்டுப் போனார். இதை இதுகாறும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் புலவர் கோபம் என்றே படித்துவந்தார்கள். அவர்களில் ஒருவரும் கேக் சுட்டதில்லை.

சான்றுகளை அடுக்குகிறேன். காளமேகம் பிறவிப் புலவர் அல்லர். திருவரங்கத்து மடைப்பள்ளியில் பரிசாரகராக இருந்தவர் என்றே கதை சொல்கிறது. தொழில்முறைச் சமையற்காரர் ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு ஓர் ஊருக்குள் நுழைகிறார். அடியில் நெருப்பும் நடுவில் தொங்கும் தட்டுமாக ஓர் அமைப்பு அவருக்காகத் தயாராகிறது. எதிரியின் பெயரே அதிமதுரம். சர்க்கரையின் அளவு பற்றிய தகராறு என்பது இதனால் விளங்கும். கடைசியில் ஊர் முழுக்க மணல். எலுமிச்சை, அடுப்பு, சர்க்கரை, மணல்! மண்மாரி சாபமே அன்று, விநியோகம். ஊர்ப்பெயரில் மூன்று எழுத்து ஒத்துப்போனால் ஒரு கண்டத்தையே கடலடியிலிருந்து தூக்கி நிறுத்துகிற துறையில், நான்கு பொருள் ஒத்துப்போவதை எவர் மறுக்கத் துணிவார்? இதை உறுதிப்படுத்தும் ஏடு ஒன்று இருந்தது. கரையான் அரித்தது, கரையான் மிச்சம் வைத்ததைக் கடல் கொண்டது (பெரியம்மா, தன் மாமியார் சொல்லக் கேட்டதாகச் சின்னத்தை சொன்னது, திண்ணைப் பதிப்பு, இரண்டாம் தூண் அருகில், மின்விசிறிச் சத்தத்தில் சில சொற்கள் சிதைந்துள்ளன, சிதைந்த இடங்களை ஆய்வாளர் தம் கருத்துக்கு ஏற்ப நிரப்பியுள்ளார்).

ஒரே தடை கோகோ. கோகோ மரம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. கொலம்பஸ் புறப்பட்டதே 1492-இல். திருவானைக்காவில் அம்பிகை காளமேகத்தின் வாயில் உமிழ்ந்த தாம்பூலத்தின் நிறத்தைச் சுட்டிக்காட்டி, அதையே கோகோ என்று வைத்துக்கொண்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். இது போன்ற ஆதாரமற்ற ஊகங்களை இக்கட்டுரை வன்மையாகக் கண்டிக்கிறது. நிறம் ஒத்துவந்தாலும் ஆண்டு ஒத்துவரவில்லை. டச்சுக்காரர் வழியாக வந்தது என்றால், கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்து தூளாக்கும் பொறிக்கு வான் ஹூட்டன் குடும்பத்தார் உரிமம் பெற்றது 1828-இல். நாகையில் டச்சுக்காரர் கடையைக் கட்டி 47 ஆண்டு ஆகியிருந்தது. ஆகவே, மூலக் கேக்கில் எலுமிச்சை மட்டுமே இருந்தது; சாக்லேட் இடைச்செருகல். தள்ளிவிட முடியாத இடைச்செருகல் என்பதையும் சொல்ல வேண்டும். இயல்பான கோகோத் தூள் சற்றுப் புளிப்புள்ளது. காரம் ஏற்றிப் பதப்படுத்திய டச்சு வகை அடர்ந்த கறுப்பாக, புளிப்பின்றி இருக்கும். அதை மட்டும் போட்டால் ஆப்பசோடாவுக்கு வேலை இல்லை. அங்கேதான் எலுமிச்சைச் சாறு கைகொடுக்கிறது. பிற்காலத்தவர் செருகிய வரிக்கு மூலப்பாடமே உரை எழுதித் தாங்கிப்பிடிப்பதைப் பழைய பதிப்புகளிலும் பார்க்கிறோம்.

குக்கர் கேக்கின் மேல்முகம் எப்போதும் வெளிறியே இருக்கும். சூடு கீழிருந்து மட்டும் வருவதே காரணம். இதற்கான தீர்வு எல்லைக்கு அப்பால், நாகூரில் இருக்கிறது. ரவை, முட்டை, நெய், சர்க்கரை சேர்த்து முஸ்லிம் வீடுகளில் செய்யும் தம்மடைக்குக் கீழே நெருப்பு, மூடியின்மேல் தணல். மேலும் கீழும் ஒரே சீராகச் சிவக்கும். அவன் என்ற கருவியின் முழுத் தத்துவமும் அந்த மூடியின்மேல் இருக்கிறது. எந்த வெள்ளைக்காரனும் வந்து சொல்லித்தரவில்லை. கரி அடுப்பு போன வீடுகளில் காய்ந்த தோசைக்கல்லைக் குக்கர் வாயின்மேல் சில நிமிடம் கவிழ்த்து வைப்பதுண்டு. பாதிப் பலன் கிடைக்கும். எமகண்டக் குழியிலும் மேல்நெருப்பு இல்லை. காளமேகம் வேகாமல் இறங்கி வந்ததன் காரணம் அருள் என்று இதுவரை சொல்லப்பட்டது. வெப்பவியல் நோக்கில் மறுபரிசீலனை தேவை.

வெந்ததா என்று பார்க்கப் புதுத் துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை உருவி, கழுவி, நடுவில் குத்தி எடுக்க வேண்டும். ஒட்டாமல் வந்தால் வெந்தது. சிறு தீயில் நாற்பது நிமிடத்துக்குமேல் ஆகும். அதற்குள் திறந்து பார்ப்பவர்களால் நடு அமுங்கும் (அத்தை, மாமாவை நோக்கி, உரத்த குரலில்). மேலே விழும் வெடிப்பைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே மாவு இன்னும் எழும்பிக்கொண்டிருப்பதால் பிளக்கிறது. அந்த வெடிப்பைப் பானைக் கீறலாகப் படித்துப் பொருள் சொல்ல முன்வருவோர், துண்டு போடுவதற்குமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளவும்.

இக்கட்டுரையைப் பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடும் பன்னாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம் என்றார்கள். அதைவிட வாய்மொழித் தேர்வே மேல் என்று தோன்றியது. தேர்வாளருக்கு விருந்து வைப்பது நம் பல்கலைக்கழக மரபில் ஏற்கெனவே உள்ளதுதானே. அத்தை வீட்டு அடுப்படியில் அது நடந்தது. புறத்தேர்வாளராகப் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். கருதுகோளை அவர் கேட்கவில்லை. ஒரு துண்டு, பிறகு இன்னொன்று, பிறகு வீட்டுக்கு ஒரு பொட்டலம். எழுந்து போகும்போது ஒரே கேள்வி: “மணல் ஏதுங்க, ஆத்து மணலா?”