கடையை மூடிய துறைக்கு, கடை திறந்ததற்கு நன்றி

பெறுநர்: குடிமைப் பொருள் வழங்கல் மற்றும் நுகர்வோர் விவகாரங்கள் துறை, புதுச்சேரி அரசு.

பொருள்: செல்லிப்பட்டு முதலான கிராமங்களின் அட்டைதாரர்கள் ரேஷன் கடை இல்லாமல் பல ஆண்டு வாழப் பயிற்சி பெற்றமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

உயர்திரு துறையவர்களுக்கு,

செல்லிப்பட்டு மக்கள் நலம். அவர்கள் சங்கராபரணி ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் என்பதால் எதையும் தாங்கிப் பழகியவர்கள். செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே பிரெஞ்சுக்காரர் 1906இல் ஆற்றின் குறுக்கே கட்டிவிட்டுப் போன படுகை அணை, நூற்றுப் பதினைந்து ஆண்டு நின்று, 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அணை உடைவதற்காவது ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது. ரேஷன் கடை மூடுவதற்கு ஒரு தூறல்கூடத் தேவைப்படவில்லை.

2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாக இரண்டு யூனியன் பிரதேசங்களில் ரேஷன் கடைத் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்ற திட்டம் தொடங்கியது. ஒன்று சண்டிகர், இன்னொன்று புதுச்சேரி. சண்டிகர், லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் செக்டார் செக்டாராக வரைந்து கட்டிய நகரம். அங்கே தெருவுக்குத் தெரு கடை உண்டு. அந்தத் திட்டம் பக்கத்துத் திருக்கனூருக்குப் போக பஸ் வருமா வராதா என்று பார்த்து நிற்கும் செல்லிப்பட்டு அம்மாக்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கண்டுபிடித்த அறிவாளி யாரென்று தெரிந்தால், ஊர் எல்லையில் ஒரு சிலை வைக்கலாம். நிதிதான் தடை.

திட்டத்தின் நியாயத்தை மக்கள் அறிவார்கள். ரேஷன் கடையில் எடை குறையும், அரிசி பின்வாசல் வழியாகப் போகும், புழுத்த மூட்டை மட்டும் முன்வாசலுக்கு வரும் என்பதெல்லாம் பொய்யில்லை. ஆனால் எடை போடுகிறவர் கை வைக்கிறார் என்பதற்காகத் தராசையே தூக்கிப் போட்ட துறை இந்த நாட்டில் தங்களுடையதாகத்தான் இருக்கும்.

கணக்குக்கு வருவோம். மாநில அரசின் இலவச அரிசி ஏழைகளின் சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ. அதைக் கிலோ 30 ரூபாய் என்று விலை போட்டு, 600, 300 என்று வங்கிக் கணக்கில் போட்டீர்கள். மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் 30 ரூபாய் உத்தரவை யாரும் காட்டவில்லை போலிருக்கிறது. அவர் புழுங்கல் அரிசிக்குக் கிலோ 50 ரூபாய் என்றார். 600 ரூபாய்க்கு 12 கிலோ வந்தது. மீதி எட்டுக் கிலோ எங்கே? முன்பு அது காணாமல் போவதற்கு ஓர் இடைத்தரகர் வேண்டியிருந்தது. அவரும் இல்லாமலே காணாமல் போகும் முறையைக் கொண்டுவந்ததைத்தான் நிர்வாகச் சீர்திருத்தம் என்கிறார்கள்.

செல்லிப்பட்டில் ஓர் ஆயா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு அட்டை, தனி ஆள், முதியோர் உதவித்தொகையும் உண்டு. கணக்கில் பணம் ஏறியதா என்று பார்க்கவே அவர் பஸ் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சும்மா திரும்ப வேண்டும். சில சமயம் மாதக் கணக்கில் ஒன்றும் வராது. பிறகு பல மாதப் பணம் ஒரே நாளில் வந்து விழும். நடுவில் வயிறு எதைத் தின்பது? அதற்குத்தான் மளிகைக் கடையின் நீள நோட்டு இருக்கிறது. அதில் ஆயாவின் பேருக்குக் கீழே அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பென்சிலால் ஏறிக்கொண்டே போகும். கடன் வைத்த கடையில் விலை கேட்க முடியாது, எடை கேட்க முடியாது, கல் இருக்கிறது என்று முறத்தில் போட்டுக் காட்டவும் முடியாது. விருப்பப்பட்ட கடையில் விருப்பப்பட்ட அரிசியை வாங்கும் உரிமையை ஆயாவுக்கு வழங்கியிருக்கிறோம் என்று அரசு சொல்லிற்று. ஆயாவின் விருப்பம் அந்த நோட்டு இருக்கிற கடையைத் தாண்டவே இல்லை.

திட்டம் தொடங்கிய காலத்தில் மத்திய அரசின் நிதி ஆயோக்குக்காக ஜே-பால் என்ற ஆய்வு அமைப்பினர் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அரசு ஏட்டில் போய்ச் சேர்ந்துவிட்ட பணம் தங்களுக்கு வரவில்லை என்று சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஏட்டைத்தான் நம்ப வேண்டும். மக்களுக்கு ஞாபகமறதி அதிகம்.

அரிசியா பணமா என்பதில் மேலே நடந்த சண்டையையும் செல்லிப்பட்டு அக்கறையோடு கவனித்தது. முதல்வராக இருந்த வே. நாராயணசாமி அரிசி என்றார். துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி பணம் என்றார். 2019 பிப்ரவரியில் முதல்வரே ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸின் வாசலில் நாள் கணக்கில் தர்ணா உட்கார்ந்தார். அவர் வைத்த கோரிக்கைகளில் அரிசியும் ஒன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2020இல் பணமே சரி என்று தீர்ப்பானது. இத்தனைக்கும் நடுவில் கோப்பு ராஜ்நிவாஸுக்கும் சட்டமன்றத்துக்கும் டெல்லிக்குமாக ஊரெல்லாம் சுற்றியது. அது போகாத ஒரே இடம் செல்லிப்பட்டு.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்து நக்ரி வட்டாரத்திலும் 2017 அக்டோபரில் இதேபோல் ஒரு சோதனை நடந்தது. மக்கள் வங்கியில் பணம் எடுத்து, அதைக் கொண்டுபோய் ரேஷன் கடையிலேயே கிலோ 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். அவர்கள் 2018 பிப்ரவரியில் ராஞ்சிக்கு நடந்தே போய் முறையிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. பொறுமை இல்லாத ஜனங்கள். செல்லிப்பட்டு அப்படியா செய்தது? பக்கத்திலேயே தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் இருக்கிறது. அங்கே 2011 ஜூன் முதல் மாதாமாதம் இலவச அரிசி வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நம் ஊர்க்காரர்கள் சும்மா இருந்தார்கள். எல்லைக்கல் ஒன்றுதான் வித்தியாசம்.

கிராமத்துக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்க அரசுக்குத் தெரியாது என்று யாரும் அவதூறு பேசக் கூடாது. வில்லியனூருக்குப் பக்கத்தில் ஆரியபாளையத்தில் அரசின் வடிசாராய ஆலை இருக்கிறது. அங்கிருந்து சாராயம் புறப்பட்டு, கலால் துறை ஏலம் விட்ட கடைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. சாராயத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடலாம் என்று இதுவரை எந்தக் குழுவும் பரிந்துரைத்ததாகத் தெரியவில்லை. குடிப்பவருக்குக் கடை அவசியம், சமைப்பவருக்குக் கணக்கு எண் போதும் என்ற கொள்கை எந்த அரசாணையில் வந்தது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

2024 மக்களவைத் தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டுப் போனவர்களைப் பெண்கள் ரேஷன் கடை எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். புதுச்சேரி உள்துறை அமைச்சராக இருந்த ஆ. நமச்சிவாயம் 1.36 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வெ. வைத்திலிங்கத்திடம் தோற்றார். ஜூனில் முடிவு வந்தது; அக்டோபர் 21 அன்று புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் முதல்வர் ரங்கசாமி ரேஷன் கடையைத் திறந்து வைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று துறை சொன்னால் நம்பத் தயார்.

தீபாவளிக்கு முன் 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையும் பரிசு என்றார்கள். பல ஆண்டு கடைக்கு வராத அரிசிக்குப் பரிசு என்று பேர் வைத்தது அழகு. சர்க்கரை இன்னும் அழகு. காட்டேரிக்குப்பம் பக்கம் லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை மூடிக் கிடக்கிறது. அதற்குக் கரும்பு வெட்டி அனுப்பிய ஊர்களுக்கு இரண்டு கிலோ சர்க்கரையை இலவசமாகக் கொடுப்பதற்குப் பெரிய மனது வேண்டும்.

இனி வேண்டுகோள்கள். எந்த நாளில் அரிசி வருகிறது என்று முன்கூட்டியே கடை வாசலில் எழுதிப் போடுங்கள்; வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்றும் எழுதுங்கள். தராசை அட்டைதாரர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் திருப்பி வையுங்கள். கடை ஊழியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுங்கள். சம்பளம் இல்லாதவரிடம் நேர்மையான எடையை எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம், தங்களுக்கும் கஷ்டம். அடுத்த முறை கடையை மூடுவதாக இருந்தால் ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மூடுங்கள். பணமா பொருளா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்யட்டும். அந்த உரிமையைத்தான் முதலில் தருவதாகச் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
செல்லிப்பட்டு அட்டைதாரர்கள் சார்பாக.

நகல்: கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், செல்லிப்பட்டு. (புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காததால் இந்த நகலை வாங்கிக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.)