ஜெனீவாவுக்கு மதுரையிலிருந்து ஒரு மறுப்பு

உலக சுகாதார நிறுவனத்துப் பெரியவர்களுக்கு வணக்கம்.

2019 ஏப்ரலில் தாங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல் எங்கள் காதுக்கும் வந்து சேர்ந்தது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டுமாம். அதில் 60 நிமிடம் மூச்சிரைக்க ஆட வேண்டுமாம். நீண்ட நேரம் உட்கார வைக்கக் கூடாதாம். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதாம். இதெல்லாம் மதுரைக்குச் சரிப்படாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

முதலில் நேரக் கணக்கு. எங்கள் எல்.கே.ஜி. பிள்ளை தூக்கம் கலையாமலே வேனில் ஏறுகிறது. கோரிப்பாளையத்திலோ பழங்காநத்தத்திலோ நெரிசலில் நின்று, பள்ளிக்குப் போய் பெஞ்சில் உட்காருகிறது. நாலுகோட்டு நோட்டில் சுழியெழுத்து, நூறு வரை எண்கள், வாயில் விரல். மாலையில் டியூஷன், அதற்கப்புறம் அபாகஸ். ராத்திரி நாலு வாய் சோறு இறங்க செல்போன். ஓட்டத்துக்கென்று நாங்கள் ஒதுக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலுக்குக் கூட்டிப்போய், காசு கட்டி, அரை மணி நேரம் பிளாஸ்டிக் பந்துத் தொட்டியில் இறக்கிவிடுகிறோம். மணி அடித்ததும் தூக்கிவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகம் 'சன்ரைஸ்' என்ற பெயரில் நாடு நாடாக ஆய்வு நடத்துகிறது. பிள்ளையின் இடுப்பில் கருவி கட்டி, எவ்வளவு அசைகிறது என்று அளக்கிறார்கள். எங்கள் பள்ளிகளில் கட்டினால் கருவி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அசையாததுதான் இங்கே பள்ளியின் தரம். "எங்க ஸ்கூல்ல சத்தமே கேக்காது சார்" என்று தாளாளர் பெருமைப்படுகிறார். "மிஸ், இவன் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கிறான், கொஞ்சம் உக்கார வைங்க" என்று தாயே கெஞ்சுகிறாள். மூன்று வயதின் ஆரோக்கியத்தை நோயென்று சொல்லி, அதற்கு வைத்தியமும் கேட்டு, வைத்தியச் செலவை டேர்ம் ஃபீஸ் என்று கட்டுகிற ஊர் இது.

அடுத்தது இடக் கணக்கு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். ஊரே அழுதது. அரசு விதி போட்டது: பள்ளி நடத்த மாநகராட்சியில் 6 கிரவுண்டு நிலம் வேண்டும், நகராட்சியில் 10, பேரூராட்சியில் ஒரு ஏக்கர், கிராமத்தில் 3 ஏக்கர். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் அந்த நிலம் இல்லாத பள்ளிகள் 746. மூடினார்களா? தற்காலிக அங்கீகாரம் கொடுத்தார்கள். அடுத்த வருஷமும் தற்காலிகம், அதற்கடுத்த வருஷமும் தற்காலிகம். அங்கீகாரம் நீண்டுகொண்டே போனது. அங்கே படித்த பிள்ளைகளின் நாலு வயதும் ஐந்து வயதும்தான் திரும்பி வராமல் போயின.

இடமே இல்லாத ஊர் என்று எங்களைத் தாழ்வாக எண்ணிவிட வேண்டாம். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 66 ஏக்கரில் ஏறுதழுவுதல் அரங்கம் கட்டி, 2024 ஜனவரி 24 அன்று திறந்தோம். காளைக்கு வாடிவாசல் உண்டு, ஓடக் களம் உண்டு, களத்தில் இறங்குமுன் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று உண்டு. பிள்ளைக்கு வாடிவாசல் மட்டும் உண்டு. அதையும் உள்ளே தள்ளிச் சாத்துவதற்காக வைத்திருக்கிறோம். 2017 ஜனவரியில், காளை ஓட வேண்டும் என்று தமுக்கத்தில் இரவு பகலாக உட்கார்ந்த வீரர்கள் நாங்கள். பிள்ளை ஓட வேண்டும் என்று பள்ளி ஆபீஸ் வாசலில் ஐந்து நிமிடம் நிற்க எங்களுக்குக் கால் வலிக்கும்.

ஏழைப் பிள்ளை தப்பித்துவிட்டதோ என்ற கவலையும் தங்களுக்கு வேண்டாம். எங்கள் கோட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் 1980இல் உலக வங்கிக் கடனோடு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. பிள்ளையைத் தராசில் நிறுத்தி மாதாமாதம் எடை பார்த்தார்கள். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டோம். ஆனால் நாற்பது வருஷம் கடந்தும் எடை கூடியதா என்று கேட்கத்தான் ஆள் உண்டு. இன்றைக்கு எவ்வளவு ஓடினாய் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய அங்கன்வாடி ஆசிரியை சமையலுக்கும் பதிவேட்டுக்கும் செல்போன் செயலிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறார். அந்த மையத்தில் ஓடுகிற ஒரே ஆள் அவர்தான். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினோம். பணக்காரப் பிள்ளைக்கு வாய்த்த பெஞ்ச் ஏழைப் பிள்ளைக்கும் வாய்த்தது. சமத்துவம்!

விளையாட்டைக் காப்பாற்றவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கீழடியில் தோண்டியபோது சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்தன. 2023இல் அருங்காட்சியகம் திறந்து கண்ணாடிக்குள் வைத்தோம். ஸ்கூல் பஸ்ஸில் வந்து, வாயில் விரலோடு வரிசையில் நின்று, வைகைக்கரைப் பிள்ளைகள் ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் விளையாடினார்கள் என்று எங்கள் பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அதிலிருந்து டெஸ்ட்.

ஜெனீவாக்காரர்களே, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வருவது எங்கள் ஊர்ச் சண்டை.

ஏம்ப்பா, பிள்ளை பெற்றவர்களே! விளையாட்டு குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. மூன்று வயது முதல் விளையாட்டு வழியாகத்தான் கல்வி என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் எழுதிவைத்திருக்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பக்கங்களோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கட்டும். இந்த ஒரு வரியை யாரும் எதிர்க்கவில்லை, யாரும் செய்யவுமில்லை. கேட்காத உரிமையை எந்த அரசு வீடு தேடி வந்து கொடுத்திருக்கிறது?

நிலமில்லாத பள்ளிக்கு அங்கீகாரம் நீட்டித்தவர்கள் அதிகாரிகள். அந்தப் பள்ளிக்கு முன்னால் விடியற்காலையில் விண்ணப்பத்துக்கு வரிசை கட்டியது நீங்களும் நானும். அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது, இங்கிலீஷ் எப்போது பேசுவான் என்று கேட்காதீர்கள். மைதானம் எங்கே என்று கேளுங்கள். மொட்டை மாடியைக் கைகாட்டினால், கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் சத்தம் போடுங்கள். சத்தமே கேட்காத பள்ளி என்ற பெருமை அன்றோடு ஒழியட்டும்.