நாள் பார்க்கிறவர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாள் பார்க்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் பஞ்சாங்கம் வைத்திருப்பார். இன்னொருவர் ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், எழுத்தெல்லாம் அழிந்துபோன கீபோர்டு ஒன்றை வைத்திருப்பார். பஞ்சாங்கக்காரருக்கு ராகுகாலத்தில் மட்டும்தான் பயம். இவருக்கு எல்லாத் தேதியிலும் சந்தேகம். எந்தத் தாலுகா ஊருக்குப் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார்.

பால் சொசைட்டி உறுப்பினர் பட்டியல், சீட்டுக் கணக்கு, டியூஷன் பிள்ளைகள் விவரம் என்று எந்த டெக்ஸ்ட் ஃபைலை டேட்டாபேஸில் ஏற்றுவதென்றாலும் இந்தக் கீபோர்டு அண்ணன்தான். பென்டிரைவைக் கையில் வாங்கியதும் விசாரணை தொடங்கிவிடும்.

"இத எக்செல்ல தொறந்தியாப்பா?"

"சும்மா பாத்தேண்ணா."

"சேவ் குடுத்தியா?"

"அதுவா கேட்டுது... குடுத்தேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். நாடி பிடித்த வைத்தியர் சொந்தக்காரர்களை வெளியே போகச் சொல்வது மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். அமெரிக்க செட்டிங்கில் கிடக்கும் கம்ப்யூட்டர் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். 05/08/1961 நமக்கு ஆகஸ்ட் 5; அதற்கு மே 8. 25/08/1961 வந்தால் மட்டும் விழிக்கும். 25-ஆவது மாதம் ஏது? அதைத் தேதியாகவே மதிக்காமல் வெறும் எழுத்தாக்கி, கட்டத்தின் இடப்பக்கம் ஒதுக்கிவிடும். கடைக்குப் புதிதாக வந்த பையன் இடப்பக்கம் ஒதுங்கியதைப் பார்த்துப் பதறுவான். அண்ணன் வலப்பக்கம் சமர்த்தாக நிற்பதைப் பார்த்துத்தான் பதறுவார். "சத்தம் போடறது பிரச்சனையே இல்லடா. வாயத் தொறக்காம உள்ள பூந்துதே, அதுதான் டேஞ்சரு."

ஏற்றி முடித்ததும் 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்றாவது தேறியிருக்கிறதா என்று தேடுவார். இல்லையென்றால், "ஏன்யா, உங்க ஊர்ல 12-ஆம் தேதிக்கு மேல பிரசவமே பாக்கறதில்லியா?" என்பார்.

இரண்டு இலக்க வருஷம் தனிக்கதை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிடம் வெறும் 45 என்று கொடுத்தால் 2045 என்று எடுத்துக்கொள்ளும். 70-லிருந்து 99 வரைக்கும்தான் போன நூற்றாண்டு. அப்படி ஒருநாள் பட்டியலில் சிக்கிய ஆயாவிடம், "ஆயா, கணக்குப்படி நீ இன்னும் பொறக்கவே இல்ல" என்றார். "மெதுவா சொல்லு தம்பி, எம் மருமவ காதுல வுழுந்தா சந்தோசப்படுவா" என்றது ஆயா.

இவ்வளவு சந்தேகம் ஆகுமா என்று யாராவது கேட்டால், மரபணுக் கதையை எடுப்பார். 'மார்ச் 1' என்று சுருக்கப்பெயர் கொண்ட மரபணுவை எக்செல் மார்ச் முதல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் விஞ்ஞானிகள் அதன் பெயரையே மாற்றினார்கள். உண்மைதான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும்.

பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். குடவோலைக் கல்வெட்டு இருக்கிற சுவர் அங்கேதான். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருப்பவரே ஊர்ச்சபை உறுப்பினராகலாம் என்று பராந்தக சோழன் காலத்திலேயே, 921-ல், வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் அது ஜனநாயகப் பெருமை. அண்ணன் மெச்சுவது வேறு: "வயசத்தான் கேட்டான் பாரு, பொறந்த தேதி கேக்கல. வெவரமான ஆளு." உடனே முகம் சுருங்கும். "ஆனா தேதிய ராஜாவோட பதினாலாவது வருஷம்னு போட்டுட்டான். அத எந்த ஃபார்மட்ல ஏத்தறது?"

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணப் பத்திரிகையில் 09.06 என்று கண்டால், பக்கத்திலேயே வைகாசி 26 என்று அச்சடித்திருந்தாலும், "ஜூனா, செப்டம்பரா?" என்று கேட்காமல் மொய் எழுதமாட்டார்.

வைத்தியம் என்னவோ எளிதுதான். தேதிப் பத்தியை முதலில் வெறும் எழுத்தாகவே தனி டேபிளில் இறக்குவார். முதலில் நாள், அடுத்தது மாதம், கடைசியில் வருஷம் என்று தன் கையாலேயே கட்டளை எழுதி மாற்றுவார். மாறாமல் முரண்டு பிடித்தவற்றை ரிஜிஸ்டரோடு ஒப்பிடுவார். கடைசியில் எல்லாம் 1961-08-05 என்று வருஷம் முன்னே வர நிற்கும். இதற்கு அரைமணி நேரம் போதும். மீதி நேரமெல்லாம் திட்டுவதற்கு.

அவரிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வருஷத்தை நாலு இலக்கத்தில் எழுதுங்கள். ஃபைலை டபுள் கிளிக் செய்து பார்க்காதீர்கள். பார்த்தே தொலைத்தீர்களென்றால், சேவ் கொடுக்கவில்லை என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.