பாசிட்டிவாம்ல, பாசிட்டிவ்!

ஏல செல்லையா, அந்த பைல இங்கிட்டுக் கொண்டா. ராத்திரி பூரா போனத் தடவித் தடவி என்னத்தல படிச்ச? கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. உங்கம்மா நல்லாத் தூங்கி எந்திரிச்சுக் காப்பி போட்டுக்கிட்டிருக்கா. சீக்கு அவளுக்கா, உனக்கான்னு ரிப்போர்ட்டுல பேரப் பாத்துட்டு வந்து உக்காரு.

நீ எம்.காம். படிச்சவன், நான் அஞ்சாங்கிளாசு. ஆனா உங்க பெரியம்மாவுக்கும் இதே மாதிரி மாருல புத்துக்கட்டி வந்தப்ப ஆஸ்பத்திரி பெஞ்சத் தேச்சவன் நான். அவ இன்னிக்கும் திண்ணையில உக்காந்து என்னை ஏசிக்கிட்டுத்தான் இருக்கா. வைத்தியம் பலிச்சதுக்கு வேற சாட்சி வேண்டாம். அந்தத் தெம்புல சொல்லுதேன், கேளு. ஆஸ்பத்திரிப் பேச்சுல, சில நேரம் காதுக்கு நல்லாருக்கிற வார்த்தை கெட்ட சேதி கொண்டாரும். பயமுறுத்துற வார்த்தை நல்ல சேதி கொண்டாரும். அதனால வார்த்தையக் கேட்டதும் அழவும் கூடாது, சாமிக்குக் கெடா நேரவும் கூடாது.

டீக்கடையில என்னமோ 'மூணாம் ஸ்டேஜாம்'னு பேசுதானுவ. யாரு சொன்னான்னு கேட்டா, நீதான் சொன்னியாம். எங்க, காட்டு. இந்தா, 'கிரேடு 3'ன்னுல்லா போட்டிருக்கு! கிரேடு வேற, ஸ்டேஜ் வேறல. மாடு எம்புட்டு முரடுங்கிறது கிரேடு. எத்தனை வயல்ல எறங்கி மேஞ்சிருக்குங்கிறது ஸ்டேஜ். மைக்ராஸ்கோப்புல பாத்து, அணுவெல்லாம் எவ்வளவு தாறுமாறா இருக்குன்னு மூணு வரைக்கும் போடுறது கிரேடு. உடம்புல எதுவரைக்கும் போயிருக்குன்னு நாலு வரைக்கும் எண்ணுறது ஸ்டேஜ். அதுக்கு அடையாளம் இங்க இருக்கு பாரு, 'டி2 என்1 எம்0'. டி கட்டியோட அளவு. ரெண்டுன்னா 2 சென்டிமீட்டருக்கு மேல, 5க்குள்ள. என்1ன்னா அக்குள் நெறிகட்டுக்கு வந்திருக்கு. எம்0ன்னா ஈரல், எலும்புன்னு தூரத்துக்குப் போகல. மூணையும் கூட்டிப் பாத்தா ரெண்டாம் ஸ்டேஜ். டீக்கடையில ஒரு வடைக்குள்ள உங்கம்மாவ ஒரு ஸ்டேஜ் ஏத்தி விட்டுட்டானுவ.

'இன்வேசிவ்'ன்னு போட்டிருக்கேன்னு மூக்கச் சிந்துற. பால் குழாய்ச் சுவரத் தாண்டிப் பக்கத்துச் சதைக்கு வந்திருக்குங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். உடம்பு பூராப் பரவிடுச்சுன்னு அதுல எங்கயும் எழுதல, நீயா எழுதிக்கிடாத.

அடுத்தது பாசிட்டிவ். பயாப்ஸி பாசிட்டிவ்னா புத்து இருக்குன்னு அர்த்தம், வருத்தந்தான். அதே பைல்ல 'ஈ.ஆர். பாசிட்டிவ்'னு கெடக்கு பாரு, அதுக்கும் சேத்துல்லா அழுதிருக்க! அது ஹார்மோனப் புடிச்சு வளர்ற ஜாதின்னு அர்த்தம். அந்தப் புடிமானத்த மறிக்கிறதுக்கு மாத்திரை இருக்கு. உங்க பெரியம்மா டமாக்ஸிபென் மாத்திரைய வருசக்கணக்கா முழுங்குனா. ஆபரேசனுக்கு அப்பறம் 'மார்ஜின் நெகட்டிவ்'னு வந்தா, வெட்டி எடுத்த துண்டோட ஓரத்துல புத்து இல்லேன்னு அர்த்தம். அன்னிக்கு மிட்டாய் வாங்கு. ஆனா 'ட்ரிபிள் நெகட்டிவ்'னு கேட்டுட்டு மிட்டாய்க் கடைக்கு ஓடிராத. மாத்திரைக்கும் குறிவச்ச ஊசிக்கும் வேணுங்கிற மூணு புடிமானமும் இல்லேன்னு அர்த்தம். அங்க கீமோதான் முக்கியமான ஆயுதம். பாசிட்டிவ்னு சொன்னா 'எது பாசிட்டிவ்?'னு கேளு. அம்புட்டுத்தான் சூட்சுமம்.

உன் பள்ளிக்கூடத்து பிராக்ரஸ் ரிப்போர்ட்டுல ஏதாச்சும் ஏறியிருக்கான்னு உங்கப்பன் வருசா வருசம் தேடுவான். ஸ்கேன் ரிப்போர்ட்டுல 'பிராக்ரஷன்'னு வந்தா சீக்கு வளந்திருக்குன்னு அர்த்தம். இங்க ஒண்ணும் ஏறாம இருந்தாத்தான் சந்தோசம். 'ஸ்டேபிள்'னா ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. 'அன்ரிமார்க்கபிள்'னா சொல்லிக்கிடும்படியா ஒண்ணுமில்ல. உன்னைப் பத்தி வாத்தியாரு அப்பிடிச் சொன்னா வருத்தம், ஈரலப் பத்தி டாக்டரு சொன்னா ஆனந்தம். 'கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்'னா ஸ்கேன்ல சீக்கோட தடயமே தெரியல. நல்ல சேதிதான். அதுக்காக மறு செக்கப்புக்குப் போகாம மாட்டுச் சந்தைக்குப் போயிராத; கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருக்கலாம்னுதான் திரும்பத் திரும்ப வரச் சொல்லுதாக.

போன்ல அஞ்சு வருசக் கணக்கு ஒண்ணப் பாத்துட்டு, அம்மாவுக்கு அஞ்சு வருசந்தான்னு முடிவு கட்டிட்டியாம்ல? அஞ்சு வருசங்கிறது கணக்கெடுக்கப் போட்ட எல்லை. அதுக்கு அங்கிட்டு அவளப் போகக் கூடாதுன்னு யாரும் மறிக்கல. 'மீடியன்'னு ஒரு கணக்குச் சொல்லுவாக. பாதிப்பேரு அதத் தாண்டியும் இருக்காங்கன்னு அர்த்தம். எம்.காம்ல இதச் சொல்லித் தரலையா?

'பேலியேட்டிவ்'னு போர்டு போட்ட ரூமப் பாத்துட்டு, கை விட்டுட்டாகன்னு ஒப்பாரி வைக்காத. வலி, வாந்தி, மனக்கலக்கம் எல்லாத்தையும் கொறைக்கிற வைத்தியம் அது. புத்துக்கு வைத்தியம் நடக்கும்போதே, மொத நாள்ல இருந்தே அதையும் பாக்கலாம். வலியத் தாங்கிக்கிட்டா யாரும் மெடல் தரப் போறதில்ல.

ஒண்ண மட்டும் வெளாட்டில்லாமச் சொல்லுதேன். கீமோ ஓடுற நாள்ல காய்ச்சல் 100.4 டிகிரிய எட்டுனா, கசாயம் போட்டுக்கிட்டு விடியட்டும்னு உக்காராத. ரத்தத்துல வெள்ளணு கொறஞ்சு கெடக்கும். அந்நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடு. எதுத்த வீட்டு அத்தை முள்ளுச்சீத்தா எலையோட வருவா. வாங்கி வச்சுக்க, கும்பிட்டுக்க, டாக்டரக் கேக்காமக் குடிக்கக் குடுக்காத. கத்தி பட்டாப் பரவிரும்னு மாமன் வருவாரு. கத்திக்கும் ஊசிக்கும் பயந்து வைத்தியத்தத் தள்ளிப் போடுறதுதான் ஆபத்துன்னு மரியாதையாச் சொல்லி, மோரு குடுத்து அனுப்பு.

இம்புட்டையும் உங்கம்மாகிட்ட மறைக்கிற பாரு, அதத்தான் தாங்க முடியல. தங்கச்சியப் புத்துநோய்க்குப் பறிகுடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா அடையாறுல ஆஸ்பத்திரி தொடங்குனது 1954ல. இத்தனை வருசம் கழிச்சும், எம்.காம். படிச்ச நீ சீக்கோட பேரச் சொல்லாம 'அது, அது'ங்குற. உடம்பு அவளுது. கையெழுத்துப் போடப் போறவளும் அவதான். சொல்லிரு. அனேகமா உனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அழுவியேன்னு சொல்லாம இருப்பா.

நாளைக்கு அவளையும் கூட்டிக்கிட்டுப் போ. ஒரு நோட்டு எடுத்துக்க. என்ன வகை, எந்த ஸ்டேஜ், எதுக்கு இந்த வைத்தியம், கொணப்படுத்தவா கட்டுப்படுத்தவா, என்ன நடந்தா ஒடனே வரணும் – இத்தனையும் எழுதி வச்சுக் கேளு. புரியலேன்னா, 'தமிழ்ல சொல்லுங்க டாக்டர்'னு இன்னொருக்காக் கேளு. வெக்கப்படாத. ஃபீசுல கேள்விக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்காக. கேக்காம வந்தா நமக்குத்தாம்ல நட்டம்.