சிங்கத்தை விடுங்கள், கொசுவைக் கவனியுங்கள்!

கே: குடும்பத்தோடு கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகிறோம். சிங்கம், சிறுத்தையிடம் எப்படி எச்சரிக்கையாக இருப்பது? - வாசகர், கோவை

ப: வண்டியை விட்டு இறங்காதீர்கள், போதும். கொசுவுக்கு அது போதாது. அது வண்டிக்குள்ளேயே ஏறி வரும். மலேரியா ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேரைக் கொல்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்தான். பெரும்பாலோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். டிக்கெட் எடுத்த கையோடு டாக்டரைப் பாருங்கள்.

கே: நைரோபியில் மலேரியா குறைவாமே? - வாசகர், திருச்சி

ப: உண்மைதான். நகரம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் கொசுவின் உடலுக்குள் கிருமி மெதுவாகவே வளரும். அது முதிர்வதற்குள் பெரும்பாலும் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் மொம்பாசா கடற்கரைக்கும் கிசுமு ஏரிக்கரைக்கும் மசாய் மாராவுக்கும் அந்தச் சலுகை இல்லை. விமானம் இறங்கும் ஊரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் இரவு தங்கும் ஊர்களைப் பாருங்கள்.

கே: மலேரியா தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடலாமா? - வாசகி, மதுரை

ப: கூடவே கூடாது. கடித்த கொசு விட்டுச் சென்ற கிருமி முதலில் கல்லீரலில் பதுங்கிப் பெருகும். பிறகுதான் ரத்தத்துக்கு வரும். டாக்சிசைக்ளின் ரத்தத்துக்கு வரும் கிருமியைத்தான் அழிக்கும். அதனால் திரும்பிய பிறகும் 4 வாரம் தினமும் சாப்பிட வேண்டும். அடோவாகோன்-புரோகுவானில் கல்லீரலிலேயே தாக்குவதால் 7 நாள் போதும். இரண்டையுமே புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்க வேண்டும். உங்களுக்கு எது ஏற்றது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கே: மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படும் அன்று போட்டுக்கொண்டால் ஆகாதா? - வாசகர், சேலம்

ப: ஆகாது. ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். சான்றிதழ் இல்லாமல் கென்யா, உகாண்டாவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கெடுபிடி என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரே ஒருவர் கொண்டுவந்தால் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். 2016 முதல் ஒரு ஊசியின் சான்றிதழே ஆயுள் முழுக்கச் செல்லும்.

கே: கொசு எத்தனை மணிக்குக் கடிக்கும்? - பள்ளி மாணவி, நாகர்கோவில்

ப: நல்ல கேள்வி! கொசுக்களுக்கு இரண்டு ஷிப்ட். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸுக்குப் பகல். காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும் அதிகம். மலேரியா பரப்பும் அனாபிலிஸுக்கு அந்தி முதல் விடியல் வரை. ஆகவே இரவில் மருந்து தோய்த்த கொசுவலை, பகலில் முழுக்கைச் சட்டை. மத்தியானம் குட்டித் தூக்கம் போட்டாலும் வலைக்குள் போடுங்கள்.

கே: சன்ஸ்கிரீன், கொசு விரட்டி - முதலில் எது? - வாசகி, புதுச்சேரி

ப: முதலில் சன்ஸ்கிரீன். அது காய்ந்த பிறகு விரட்டி. பெரியவர்களுக்கு, கொசுவை விரட்டும் டீட் (DEET) என்ற மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகளின் உள்ளங்கையில் தடவாதீர்கள்; கை வாய்க்குப் போகும். 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு விரட்டியே வேண்டாம், வலை மட்டும்.

கே: பூண்டு நிறையச் சாப்பிட்டால் கொசு அண்டாதாமே? - வாசகர், கும்பகோணம்

ப: பூண்டு ரசத்துக்கு நல்லது. கொசுவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கே: நான் கொசுக்கடியிலேயே வளர்ந்தவன். எனக்கு என்ன ஆகும்? - வாசகர், வடசென்னை

ப: கடிக்குத் தோல் பழகலாம், கிருமிக்கு உடல் பழகாது. மலேரியா எதிர்ப்பு சக்தி, பலமுறை அந்த நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கே வரும், அதுவும் அரைகுறைதான். டெங்குவோ நேர்மாறு. அதில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் ஆபத்து கூடுகிறது.

கே: என் மனைவி 5 மாத கர்ப்பிணி. கென்யாவுக்கு அழைத்துப் போகலாமா? - வாசகர், ஈரோடு

ப: தள்ளிப்போடுங்கள். கர்ப்பத்தில் மலேரியா வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. மாரா அங்கேயேதான் இருக்கும்.

கே: திரும்பி வந்து மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால்? - வாசகி, திருநெல்வேலி

ப: அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஆப்பிரிக்காவில் அதிகமுள்ள ஃபால்சிபாரம் மலேரியா சில நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. "கென்யா போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓராண்டு வரை எந்தக் காய்ச்சலுக்கும் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் தீரும் வரை வீட்டிலும் பகலிரவு வலைக்குள் இருங்கள். உங்களைக் கடிக்கும் கொசு அடுத்து உங்கள் பிள்ளையையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கடிக்கலாம். நோய் உங்களோடு நிற்க வேண்டும்.