ஹெடர் புராணம்

டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வண்டியை 1960-இல் விற்கத் தொடங்கி 1984-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதில் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, ஏசி போட்டால் குளிரும், பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும். இத்தனை வந்த பின்னும் மஸ்கட்டில் எஃப்ஜே40-ஐ விடாமல் வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கிறோம். சனிக்கிழமை காலையில் எங்களை வீட்டில் தேடிப் பயனில்லை. வாதி கபீர் பட்டறை ஏதாவது ஒன்றில், யாருடைய பானெட்டுக்குள்ளாவது தலையை விட்டுக்கொண்டு நிற்போம்.

என்னுடையது 1978 மாடல். 2எஃப் எஞ்சின், வரிசையாக ஆறு சிலிண்டர், 4,230 சிசி. எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். ஜெபல் ஷம்ஸ் ஏற்றத்தில் லோ கியர் போட்டுவிட்டால் முனகாமல் ஏறும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டால் கதவு, கண்ணாடி, என் கடைவாய்ப் பல் மூன்றும் ஒரே தாளத்தில் ஆடும்.

இந்த எஞ்சினுக்கு ஒரு பரம்பரை வியாதி, மேனிஃபோல்டு விரிசல். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்பது எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வார்ப்பிரும்புச் சாமான். ஆறு சிலிண்டரின் புகையையும் வாங்கி சைலன்சர் பைப்புக்குள் தள்ளும். நாற்பது வருஷத்துக்கு மேல் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, என் வண்டியில் அது மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று அடிக்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். ஆகவே பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டிக்கு ஒரு நோயும் இருக்காது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் மலப்புரத்துக்காரர். முதலாளி முதல் டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோருக்கும் அவர் 'இக்கா'. ராத்திரி முழுக்க வண்டியைப் பட்டறையிலேயே விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாரே, பழைய மேனிஃபோல்டு ஒண்ணு கிட்டும். மாட்டியா, இனியும் நாற்பது கொல்லம் ஓடும்." எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நாற்பது வருஷ உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மேனிஃபோல்டுக்குப் பதில் ஹெடர் மாட்டுவது என்று முடிவு கட்டினேன்.

ஹெடரில் வார்ப்பிரும்பு கிடையாது. சிலிண்டருக்கு ஒன்றாக வளைத்த எஃகுக் குழாய்கள். 2எஃப் எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் ஒன்று என்று மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். முன்னால் உள்ள மூன்று குழாயை ஒன்றாகவும் பின்னால் உள்ள மூன்றை ஒன்றாகவும் சேர்த்துவிட்டால் புகையோடு புகை முட்டாது. முன்னே போவது பின்னே வருவதை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினுக்கு மூச்சு எளிதாகும், பவர் கூடும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் கூடும் என்பதை மட்டும் விற்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள். 2எஃப் அப்படிச் சுற்றுகிற ரகமே இல்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். எனக்கு வேண்டியிருந்தது சத்தம்.

அமெரிக்காவிலிருந்து மச்சினன் ஊருக்குப் போகிற வழியில் மஸ்கட்டில் இறங்குவதாக இருந்தது. ஹெடரை அவன் வீட்டு விலாசத்துக்கு வரவழைத்தேன். என் மனைவியும் தன் பங்குக்குப் பாதாம், வைட்டமின் மாத்திரை, இன்னும் ஏதேதோ பட்டியல் கொடுத்திருந்தாள். பெட்டியை நிறுத்துப் பார்த்தபோது எடை கூடிவிட்டது. அவன் வெளியே எடுத்து வைத்தது பாதாமை. கல்யாணத்தில் மோதிர விஷயமாக அவன் மேல் எனக்கிருந்த வருத்தம் அன்றோடு தீர்ந்தது. அவன் அக்காவுக்கு இருந்த பாசமும் ஏறக்குறைய அன்றோடுதான்.

மஸ்கட் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி குழாய்க் கொத்தைத் தூக்கிப் பார்த்தாராம். மச்சினன் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "எஃப்ஜே40?" என்று கேட்டாராம். அவருடைய அப்பாவிடமும் ஒன்று இருந்ததாம். ஐந்து சதவீத வரியைக் கட்டச் சொல்லிவிட்டு, மெக்கானிக் யார் என்று விசாரித்து அனுப்பினார்.

கழற்றுகிற படலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, கேஸ் டார்ச்சில் சூடு காட்டி, தட்டித் தட்டிக் கெஞ்சினோம். எல்லாம் வந்தது, கடைசி ஸ்டட்டைத் தவிர. கேபினை ஒட்டி, கை நுழையாத இடத்தில் இருக்கிற அதுதான் உடையும், உடைந்தது. ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், "அண்ணே, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, உடைந்த மொட்டையின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் அடித்து நிரப்பி, சூடு ஆறுமுன் ஸ்பானர் போட்டுத் திருப்பினான். முறுக்கு அவிழ்ந்து சுழன்று வந்தது. அவனுக்கு ஒரு ஷவர்மா வாங்கிக் கொடுத்தேன். தங்கச் சங்கிலி போட்டிருக்க வேண்டும்.

உண்மையான சூட்சுமம் வாஷரில் இருக்கிறது. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் இன்டேக்கும் புகை வெளியே வரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒரே ஸ்டட்டுகளில். தடித்த வாஷரின் ஒரு பாதி இதை அழுத்தும், மறு பாதி அதை அழுத்தும். ஒரே போர்வைக்குள் படுத்த அண்ணன் தம்பி கதைதான்: ஒருவன் இழுத்தால் மற்றவன் நடுங்குவான். ஹெடரின் ஃபிளாஞ்ச் இன்டேக்கைவிடக் கொஞ்சம் மெல்லிசு. இக்கா இரண்டின் மேலும் எஃகு ஸ்கேலைப் படுக்கவைத்து, அந்தப் பக்கம் டார்ச் அடித்தார். அடியில் கோடாக வெளிச்சம் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் இன்டேக்கைக் கழற்றி மில்லிங் பட்டறைக்கு அனுப்பிச் சீவி வாங்கினார். ஹெடர் பெட்டிக்குள் இருந்த வழிகாட்டித் தாளில் இதைப் பற்றி மூச்சு இல்லை.

இன்டேக்கின் அடிவயிறு முன்பு மேனிஃபோல்டின் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ஆவியாவதற்கு அது உதவி. ஹெடரில் அந்த ஏற்பாடு இல்லை, தகடு போட்டு மூடிவிட வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காக வருந்துவார்களாம். மஸ்கட்டில் ஜூன் மாதத்தில் எதற்கும் சூடு போதவில்லை என்று யாரும் அழுததில்லை.

முதல் ஸ்டார்ட்டில் குழாயின் பெயின்ட் எரிந்து பட்டறையே புகைமூட்டமாகி, பக்கத்துக் கடைக்காரர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார். புகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கனமான, நிதானமான, அடித்தொண்டைச் சத்தம். இக்கா தலையை ஆட்டி, "சவுண்ட் கொள்ளாம்" என்றார். பவரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. மெல்லிய குழாய் சூட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், ஹெடரும் இடப்பக்கம் என்பதால் எல்லாச் சூடும் என் பாதத்துக்குத்தான் வரும். துணி சுற்றலாமா என்றேன். சுற்றினால் கடற்காற்று ஈரம் உள்ளே தங்கித் துருவேறும் என்று இக்கா மறுத்துவிட்டார். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து வண்டி கொஞ்ச நேரம் கிளம்பாது. பிற்கால லேண்ட் குரூசர் சிலவற்றில் டொயோட்டாவே கார்புரேட்டருக்கு ஒரு குட்டி ஃபேன் வைத்துக் கொடுத்தது. அதன் மேலும் எனக்கு ஒரு கண். சூடாகி ஆறும்போது நட்டுகள் நெகிழும் என்பதால் அவ்வப்போது ஸ்பானர் போட்டு முறுக்க வேண்டும். அதைத் தொல்லைக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

வீட்டிலும் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். "ஏங்க, நீங்க ரவுண்டானாவுல திரும்புறப்பவே தோசைக்கல்லை அடுப்புல போட்டுடறேன்" என்றாள் மனைவி. இப்போது சூடாகத் தோசை கிடைக்கிறது.

போன வாரம் மச்சினன் பேசினான். மறுபடி வருகிறானாம். "அத்தான், இந்தத் தடவை என்ன கொண்டு வரட்டும்?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் போன் என் கையிலிருந்து பறிபோனது. "பாதாம். பாதாம் மட்டும்" என்று அவள் திட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறைக்குப் போய் லேப்டாப்பில் அவனுக்கு ஒரு வரி அனுப்பினேன்: 'மாப்ளே, ஹெடருக்கு ஒரு கேஸ்கட் வேணும். தட்டையாத்தான் இருக்கும், பாதாமுக்கு அடியில தாராளமா படுக்கும். ஃபேன் பத்தி அப்புறம் பேசுவோம்.'