மாப்பிள்ளை அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

உயர்திரு ஆன்ட்டிவைரஸ் கம்பெனி மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு,

நேற்று மாலை என் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கீலாகர் என்று பிடித்துச் சிறையில் அடைத்தீர்கள். நான் தட்டும் எழுத்தையெல்லாம் அது கவனிக்கிறதாம். கவனிக்காமல் ‘ழ’ எப்படி வரும், மாப்பிள்ளை? ‘தமிழைக் காப்போம்’ என்ற என் கட்டுரை, இங்கிலீஷ் எழுத்தில் சங்க மலருக்குப் போனது. மலர்க் குழுவே படித்துச் சிரித்திருக்கிறது.

லேப்டாப்போடு 30 நாள் விருந்துக்கு வந்தவர் நீங்கள். கெடு முடிந்ததும் சீர் கேட்டீர்கள், செய்தோம். மறு வருடம் கேட்கவில்லை. கார்டிலிருந்து நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், இரண்டு மடங்காக. தள்ளுபடியெல்லாம் தலைத் தீபாவளியோடு சரியாம். விண்டோஸோடு பிறந்த டிஃபெண்டர் காசு கேட்காமல் காவல் காத்துக்கொண்டிருந்தது. நீங்கள் படியேறியதும் தானாகவே திண்ணைக்கு ஒதுங்கிவிட்டது. மாப்பிள்ளைக்குச் சரிசமமாக உட்காரலாமா? போதாததற்கு விபிஎன் வாங்கு, பாஸ்வேர்டு மேனேஜர் வாங்கு என்று வேளைக்கொரு பலகாரம் கேட்டுச் சிவப்புப் பெட்டியில் முறுக்கிக்கொள்கிறீர்கள்.

உங்கள் சகலை அவாஸ்ட், வீட்டார் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்பதைத் திரட்டி விற்ற வழக்கில், 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. மாமனார் வீட்டு ரகசியத்துக்கு அவ்வளவு மதிப்பு!

போன வருடம் என் அப்பாவுக்கு, ‘கரண்ட் பில் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று குறுஞ்செய்தி வந்தது. போனில் பேசியவன் சொன்னபடி, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருளை அவர் இறக்கினார். அது கடையில் விற்கிற சரக்கு என்பதால் நீங்கள் வாய் திறக்கவில்லை. எவனோ எங்கள் மவுஸை நகர்த்தினான். பென்ஷன் பணம் போனது. மூலையில் உங்கள் பச்சை டிக், ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’. வெட்கமாக இல்லை? ‘ழ’ அடித்தால் திருடன், பணத்தை அள்ளுகிறவன் விருந்தாளியா? பிறகு எதற்கய்யா உங்களுக்குக் காசு?

மன்னிக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது.

அன்இன்ஸ்டால் அழுத்தினால் ‘ஏன் பிரிகிறீர்கள்?’ என்று படிவம் நீட்டுகிறீர்கள். மிச்சம் மீதியைத் துடைக்கத் தனியாக இன்னொரு மென்பொருள் இறக்க வேண்டுமாம். கேட்கலாம் என்றால் சாட்பாட்தான் வணக்கம் சொல்கிறது. 1986-இல் லாகூர்ச் சகோதரர்கள் இருவர் எழுதிய பிரெயின் வைரஸில்கூட அவர்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. வைரஸ் காட்டிய அந்த மரியாதையைத் தாங்களும் காட்டி, ஒரே ஒரு எண் தந்தருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சீர் செய்தே ஓய்ந்த மாமனார்